எம் என்றால் மூடு

எங்கள் வீட்டில் அந்த வருஷம் இரண்டு பம்புகள் இருந்தன. தண்ணீர் இறைக்கிற பம்பு இல்லை, காருக்குப் பெட்ரோல் ஊட்டுகிற பம்பு; இரண்டும் உள்ளங்கையில் அடங்கும். ஒன்று அப்பா கட்சி, இன்னொன்று மாமா கட்சி. அம்மா இரண்டு கட்சிக்கும் ஒரே சட்டியிலிருந்து குழம்பு ஊற்றினாள். பத்து வயதுக்காரியான என்னிடம் மட்டும் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமாவின் பம்புக்குத்தான் போட்டிருப்பேன், ஏனென்றால் அது பேசும். டிக் டிக் டிக் என்று, சுவருக்குள் பல்லி சிரிப்பதுபோல.

எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் அப்பாவுக்கு ஒரு தகரக் கொட்டகை. முன்பக்கம் ஷெட், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கோணிப் படுதா. சோற்றில் கிரீஸ் மணக்கும், கார்களில் தாளிப்பு மணக்கும். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து, ஆலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து கார் வேலைக்கு மாறியவர். காது மந்தம். பாதியைத் தறிகள் தின்றன, மீதியை இன்ஜின்கள் தின்றன. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி, கார்களுக்கு ஒயரிங் செய்கிறவர், இருபத்து நான்கு வயது. தினமும் அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டி சைக்கிளில் வருவார். அவர் அப்பாவை மாமா என்பார், நான் அவரை மாமா என்பேன். ஷெட்டில் யாராவது மாமா என்று கூப்பிட்டால் இரண்டு தலைகள் திரும்பும்.

மெட்ராசுக்கு வடக்கே, கைவிடப்பட்ட விமானத் தளம் ஒன்றில் வருஷத்துக்கொரு முறை கார்ப் பந்தயம் நடக்கும். மாமா ஒரு தடவை போய் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார், அதோடு கெட்டார். பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் அவர்கள் வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் மரத்தில் மோதி நசுங்கிய பழைய ஃபியட் ஒன்று எங்கள் ஷெட்டுக்கு வந்தது. இன்ஜினை அப்பா செய்வது, ஒயரிங்கை மாமா செய்வது, ஓட்டுவது மாமா. அடுத்த பந்தயத்தில் வேலிக்கு உள்ளே. அதுதான் திட்டம்.

அப்பா அந்த இன்ஜினுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. மேல்மூடியைக் கடைசலில் இழைத்தார், வால்வுகளைத் தேய்த்தார், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார். அங்கேதான் வந்தது வினை. ஒரு வாய்க்கு ஊட்டிப் பழகிய பம்பு இரண்டு வாய்க்கு ஊட்டத் திணறியது.

அப்பாவின் பம்பு இன்ஜினோடு ஒட்டிப் பிறந்தது. உள்ளே சுற்றுகிற தண்டு ஒரு நெம்புகோலைத் தட்ட, அந்தத் தட்டலில் ஒரு சவ்வு ஏறி இறங்கி, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். ஒயர் கிடையாது, சுவிட்சு கிடையாது. இன்ஜின் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். மாமாவின் பம்பு பேட்டரியில் ஓடுவது. டேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உறிஞ்சாமல் தள்ளும். இன்ஜினைக் கிளப்பும் முன்பே டிக் டிக் என்று அவசரமாக அடித்துக் கார்புரேட்டர் கிண்ணங்களை நிரப்பும். நிரம்பியதும் நிதானமாகி எப்போதாவது ஒரு டிக். அது வேகமாக அடித்தால் பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை மாமா எனக்குச் சொல்லியிருந்தார். சொன்னதை நான் மறந்ததேயில்லை.

கருவடிக்குப்பம் பக்கம், விமானமே வராத விமானத் திடல் ஒன்று அப்போது மாடுகளுக்கு மேய்ச்சலாகக் கிடந்தது. பையன்கள் அங்கே சைக்கிள் பழகுவார்கள். முதல் ஓட்டம் அப்பாவின் பம்போடு. பாதித் திடல்வரை சிங்கம்போலப் போன கார், முக்கால் திடலில் விக்கியது, இருமியது, கடைசியில் எல்லைக்கல்லுக்கு முன்னால் பட்டினி கிடந்தவன்போல உட்கார்ந்துவிட்டது. தை மாத வெயிலே அதற்குப் போதும். இன்ஜினின் சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகி நின்றது. அப்பா அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து, நனைத்து, பம்பைச் சுற்றிக் கட்டினார்.

"பம்புக்குப் புடவ கட்டுறியே மாமா, வளையல் போட வேணாமா?" என்றார் மாமா.

"மூடுடா. துணி காயறதுக்குள்ள ஓட்டிட்டு வா."

துணி காய்ந்தது. கார் மறுபடி இருமியது.

அன்று மதியம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கட்சிகள் மோதின.

"உன் பம்பு உடன்கட்ட ஏறுற பம்பு மாமா. புருஷன் நின்னா அதுவும் நின்னுடும்."

"ஆமாண்டா. அதான் பம்புக்கு அழகு. உன்னுது? இன்ஜின் செத்தாலும் ஊத்திக்கினே இருக்கும். பொணத்துக்குப் பால் ஊத்துற பம்பு."

அம்மா கரண்டியைத் தரையில் தட்டினாள். "சாப்புடற எடத்துல இன்னா பேச்சு இது? வாய்க்கு வெளக்குமாறு வைக்கணும் உங்க ரெண்டு பேருக்கும்."

ஆனால் வாதத்தில் மாமாதான் ஜெயித்தார், கார் இருமியதே சாட்சி. அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "சரி, மாட்டு. ஆனா காருக்கு வெளியில ஒரு சுவிட்சு வேணும். முன் கண்ணாடிக்குக் கீழ, ஓடியாறவன் கைக்கு எட்டுறாப்போல. எது ஆன், எது மூடுன்னு கொட்ட எழுத்துல எழுதி வை. ஆபத்துல ஓடியாறவனுக்கு யோசிக்க நேரம் இருக்காது. படிப்பான், செய்வான்."

அதற்குப் பிறகு பத்து நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா நடுவில் அஞ்சல் சேவகம் பார்த்தாள்.

எழுத்து என்றால் அந்த ஷெட்டில் நான்தான். வாசல் பலகையில் பெயிண்டர் 'மொக்கானிக்' என்று எழுதிவிட்டுப் போயிருந்ததை ஏணி வைத்து ஏறித் திருத்தியவள் நான். அப்பா அதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார்: "எம் பொண்ணு கண்ணுல தப்பு தப்பிக்காது." அந்த ஒரு வாக்கியத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு திரிந்தேன். டீச்சரின் கணக்கைத் திருத்தினேன், காலண்டரைத் திருத்தினேன், அம்மா பாடுகிற தாலாட்டில்கூட ஒரு சொல்லைத் திருத்தினேன்.

மாமா கொண்டுவந்த சுவிட்சு பிரெஞ்சுக்காரன் காலத்து மோட்டார் பலகை ஒன்றிலிருந்து கழற்றியது. பித்தளைத் தகடு, கட்டைவிரல் கனத்தில் ஒரு கைப்பிடி, ஒருபுறம் எம், மறுபுறம் ஏ என்று செதுக்கிய இரண்டு ஆங்கில எழுத்துகள். அவை ஆங்கில எழுத்துகள் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது ஓட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், மாமா என் கையில் சிவப்புப் பெயிண்டையும் மெல்லிய பிரஷையும் கொடுத்துவிட்டு டயருக்குக் காற்றடிக்கப் போனார். போகிறபோக்கில் சொன்னார்: "எம்முகிட்ட ஆன்னு எழுது பாப்பா. ஏவுகிட்ட மூடுன்னு எழுது."

நான் சிரித்துக்கொண்டேன்.

மாமாவுக்குச் சோத்துக்கையும் பீச்சாங்கையும் எப்போதும் மாறிப்போகும், வீடே அறிந்த கதை. வலப்பக்கம் திரும்பு என்று வாயால் சொல்லி இடப்பக்கம் கை காட்டுவார். இதோ இன்றைக்கும் மாற்றிச் சொல்கிறார். எம் என்றால் மூடு. ஏ என்றால் ஆன். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், முதல் எழுத்தே சொல்கிறதே! கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் திருத்துகிற பெருமை பாதியாகிவிடும். எம்முக்குப் பக்கத்தில் 'மூடு', ஏவுக்குப் பக்கத்தில் 'ஆன்'. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, சுழி சுழியாக எழுதினேன். மாமா வந்து குனிந்து பார்த்தார்.

"முத்து முத்தா இருக்குடி" என்றார்.

எழுத்தைப் பார்த்தார். படிக்கவில்லை. அவருக்குப் படிக்கவேண்டிய தேவையும் இல்லை, அது அவர் பூட்டிய சுவிட்சு, கை பழகியது. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினார். டிக் டிக் டிக் டிக். என்னைப் பக்கத்தில், இருக்கை பிடுங்கிய வெறுந்தகரத்தில் உட்காரவைத்துத் திடல்வரை ஓட்டிப் போனார். வழியெல்லாம் பாடினார். கட்டைக்குரல்.

அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்திருந்தார். சைக்கிளைச் சவுக்கு மரத்தில் சாய்த்துவிட்டு, திடலின் மறுகோடியில், முதல் பம்பு செத்த அதே எல்லைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். மாமா என்னை அங்கே இறக்கிவிட்டார். இருவரும் பேசவில்லை. ஆனால் மாமா காரைத் திருப்பும்போது அப்பா எழுந்து, முன் டயரைக் காலால் ஒரு முறை அழுத்திப் பார்த்ததைப் பார்த்தேன்.

கார் திடலின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி, எங்களை நோக்கிப் புறப்பட்டது. பாதித் திடல். முக்கால் திடல். இருமவில்லை. இன்ஜினின் குரல் மேலே மேலே ஏறியது, மாடுகள் தலை தூக்கின, அப்பா தன்னையறியாமல் கையைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டுக்குள் முன் டயர் வெடித்தது.

கார் சிமெண்டுத் தளத்தை விட்டு இறங்கி, செம்மண் கரையில் ஏறி, வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தது. வலப்பக்கம்தான் ஓட்டுகிறவர் பக்கம். இன்ஜின் நின்றுவிட்டது. புழுதி அடங்கும் முன்னே உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது, உயிரோடு, எரிச்சலோடு: "மாமா, காலு… காலு மாட்டிக்கிச்சு!"

அப்பா ஓடினார். ஒரு செருப்பு கழன்று கிடந்தது. நேராகச் சுவிட்சுக்குத்தான் போனார், பத்து நாளாக மனசுக்குள் நூறு முறை ஓடிப்பார்த்த ஓட்டம்போல. இடப்பக்கம் பூட்டிய சுவிட்சு, சாய்ந்த காரில் இப்போது மேலே, அவர் முகத்துக்கு நேராக இருந்தது. நின்றார். படித்தார். கைப்பிடி எம் பக்கம் இருந்தது. அங்கே அவருடைய மகளின் கையெழுத்தில், தப்பு தப்பிக்காத கையெழுத்தில், 'மூடு' என்று இருந்தது.

"மூடித்தான் இருக்கு!" என்று திரும்பிக் கத்தினார். "பம்ப நிறுத்திட்டான். யாரும் பயப்படாதீங்க!"

மாடு மேய்ப்பவரும் சைக்கிள் பையன்களும் அதற்குள் கூடிவிட்டார்கள். யாரோ பெட்ரோல் நாறுது என்றார்கள். "கார்புரேட்டர்ல இருந்தது கொட்டியிருக்கும், அவ்ளோதான்" என்றார் அப்பா. ஒரு சவுக்குக் கழி தேடிவரச் சொல்லி ஆளனுப்பினார், காரை நெம்பித் தூக்க. சாய்ந்து கிடந்த கதவுக்கு மேலே குனிந்து உள்ளே சொன்னார். பத்து நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு: "இருடா மச்சான். அவசரம் இல்ல."

அவசரம் இல்ல. அந்த இரண்டு சொல்லை அங்கே நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

என்னை ஒரு பெரியவர் தோளைப் பிடித்து நாற்பதடி தள்ளி நிறுத்தியிருந்தார். கூச்சல் நடுவிலும் எனக்குக் கேட்டது. டிக் டிக் டிக் டிக் டிக். வேகமாக, மிக வேகமாக. அப்பாவின் காதுக்கு அது எட்டாது. மற்றவர்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியாது. அங்கிருந்த அத்தனை பேரில் அந்த மொழி தெரிந்தவர்கள் இருவர், ஒருவர் காருக்குள் கால் மாட்டி முனகிக்கொண்டிருந்தார், இன்னொருத்தி நான். கத்தினேனா? இல்லை. அழுகையை நிறுத்தினேன். கார் சாகவில்லை, பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அடிக்கிறவரை மாமாவுக்கு ஒன்றுமில்லை என்று அந்த டிக் டிக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணிக்கூடப் பார்த்தேன்.

நெருப்பு முதலில் தெரியவில்லை. அந்த வெயிலில் பெட்ரோல் எரிவது கண்ணுக்குப் படாது. சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் காற்று மட்டும் நெளிந்தது. பிறகு அப்பாவின் வேட்டி.

அவரை நான்கு பேர் இழுத்தும் அவர் விடவில்லை. மாமாவை வெளியே எடுத்தது அவருடைய கைகள்தான், அதற்கு அந்தக் கைகள் கொடுத்த விலையை ஆயுள் முழுக்கப் பார்த்தோம், விரல்கள் பிறகு முழுசாக மடங்கவேயில்லை. மாமா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். என்னை உள்ளே விடவில்லை.

எரித்த மறுநாள், சாம்பலில் பால் ஊற்ற ஆண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா பால் சொம்பை எடுத்துக்கொண்டுவந்து, அத்தனை பேர் முன்னாலும், கைகளில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நீட்டினாள்.

"நீதான சொன்ன, பொணத்துக்குப் பால் ஊத்துற பம்புன்னு. வாக்கு பலிச்சிடுச்சு இல்ல? ஊத்து. உன் கையாலயே ஊத்து."

அப்பா இரண்டு கட்டுகளாலும் சொம்பை அணைக்கப் பார்த்தார். நழுவியது. பால் சிமெண்டுத் தரையில் ஓடிக் கிரீஸ் கறையோடு கலந்தது.

பிறகு ஊர் வந்தது. சுவிட்சுகிட்டதான் நின்னான், பாத்தான், கை வைக்கல. அவசரம் இல்லன்னான். எலக்ட்ரிக் பம்பு வேணாம்னு குதிச்சவன்தானே. தொழிற்பேட்டையில் டீக்கடை பெஞ்சு ஒன்றுவிடாமல் இதைப் பேசியது. அம்மா ஒரே ஒரு முறை நேராகக் கேட்டாள்: "நீ சொன்னதே சரின்னு ஆவணும்னு நின்னியா?"

"நான் சரியா பாக்கல" என்றார் அப்பா. "என் தப்புதான்."

அம்மா அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கட்டு மாற்றினாள். பேசவில்லை. ஒரு வாரமல்ல, ஒரு வருஷமல்ல. எங்கள் வீட்டில் நின்றுபோன அந்தச் சத்தத்தை எந்தப் பம்பாலும் மறுபடி இழுக்க முடியவில்லை. எனக்கும் அப்பாவின் மேல் கசப்பு வந்தது, சொல்லாமல் இருக்கலாமா. சரியாகப் பார்க்கவில்லையாம்! அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தேனே, எம் பக்கம் மூடு என்று. மாமா எப்படியோ நிறுத்தித்தான் இருந்தார், பிறகும் அந்தப் பாழும் பம்பு ஓடியிருக்கிறது, எலக்ட்ரிக் சனியன். அப்பா அதைக் கவனித்திருக்கவேண்டும். இப்படித்தான் நான் கணக்கு முடித்துவைத்திருந்தேன்.

பதினெட்டு வயதில், வேலைக்கு உதவும் என்று பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் ஆசிரியை கரும்பலகையில் ஒரு சுவிட்சை வரைந்து, ஒருபுறம் எம், ஒருபுறம் ஏ என்று போட்டார். எம் என்றால் மார்ஷ், ஓடு. ஏ என்றால் அரே, நில். பக்கத்துப் பெண் குறித்துக்கொண்டாள். நான் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கி, தட்டாஞ்சாவடிவரை வெயிலில் நடந்தேன். வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மடங்காத விரல்களால் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி. அம்மா சுவரைப் பார்த்தபடி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று, "அப்பா, எம்முன்னா…" என்று தொடங்கினேன். அவர் தலையை ஒரு முறை அசைத்தார், வேண்டாம் என்று. "கை கழுவிட்டு வந்து சாப்புடு பாப்பா" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு எட்டு வருஷமாகத் தெரியும். பிற்பாடு அவர் போய்ச்சேர்ந்தார். அம்மாவும், தன் தம்பியைக் கொன்றவனோடு குடித்தனம் செய்ததாக நினைத்துக்கொண்டே, போய்ச்சேர்ந்தாள். இடையில் நான் சொல்லியிருக்கலாம். நாட்கள் இருந்தன. வாய் இருந்தது.

அவருக்குத் தெரிந்தது அந்த வருஷமே, மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மதியம். அம்மா உள்ளே படுத்திருந்தாள். அப்பா எரிந்த காரிலிருந்து அந்தச் சுவிட்சைக் கழற்றி வரச் செய்திருந்தார். தகடு கறுத்திருந்தது, என் எழுத்துகள் கொப்பளித்திருந்தாலும் படிக்க முடிந்தது. என்னைக் கூப்பிட்டு ஒயரைப் பிடிக்கச் சொன்னார், அவர் கைகளில் கட்டு. ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு. முழங்கையால் கைப்பிடியை எம் பக்கம் தள்ளினார். பல்பு எரிந்தது. ஏ பக்கம் தள்ளினார். அணைந்தது. மறுபடி எம். எரிந்தது.

"இது உன் எழுத்துதான பாப்பா?"

"ஆமாப்பா."

"மாமா இப்பிடியா எழுதச் சொன்னாரு?"

"இல்லப்பா. மாமா வழக்கம்போல மாத்திச் சொல்லிட்டாரு. நான்தான் சரி பண்ணேன். எம்முன்னா மூடு, ஏன்னா ஆன்."

அப்பா என்னைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தீயில் வெந்த சுவிட்சு, உள்ளே எதுவோ இடம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அதையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"ஆமா. சுவிட்சு கெட்டுப்போச்சு" என்றார் அப்பா. "நீ சரியாத்தான் எழுதியிருக்க."

பிறகு உப்புத்தாள் எடுத்துவரச் சொன்னார். தகட்டை என்னை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, உப்புத்தாளைக் கட்டுக்கடியில் செருகி, முஷ்டியால் தேய்க்க ஆரம்பித்தார். கட்டில் ஈரம் ஊறிச் சிவந்தது. நிறுத்தவில்லை. முதலில் 'ஆன்' போனது, பிறகு 'மூடு'வின் சுழி போனது, பித்தளை பளபளவென்று வெளியே வந்தது. நான் அழுதேன். அவ்வளவு அழகாக எழுதியதை அழிக்கிறாரே என்று அழுதேன்.